குற்றப் பத்திரிகைக்கு முந்தைய பக்கங்கள்

மரண தண்டனைக் கைதிகளுக்காக வேலை செய்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "வக்கீலா?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு குழப்பம். நான் மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) படித்தவள். கறுப்பு அங்கி போட்டதில்லை. நீதிமன்றத்துக்குள் பார்வையாளர் பெஞ்சைத் தாண்டியதும் இல்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் மேல்முறையீடு நடத்தும் ஒரு தொண்டு அமைப்பில் பயிற்சிக்கு என்று போய், அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டேன். அமைப்பின் பெயரை எழுதப்போவதில்லை. வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. இங்கே வருகிற மனிதர்களின் அடையாளங்களையும் கலைத்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா உறவுக்காரர்களிடம் "தில்லி ஆபீஸ், கோர்ட் சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தார் விடாமல் எந்தக் கோர்ட், என்ன பதவி என்று தோண்டியதில் உண்மை வெளியே வந்துவிட்டது. ஜாதகம் சரியில்லை என்று மறுநாள் போன் வந்தது. முந்தின வாரம் அதே ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது.

என் வேலைக்கு அலுவலகத்தில் 'மிட்டிகேஷன்' என்று பெயர். தண்டனையைத் தணிக்கக்கூடிய காரணங்களைத் தேடி, அவற்றுக்குச் சாட்சியம் சேர்ப்பது. குற்றம் செய்தாரா, இல்லையா என்பது வக்கீல்கள் பாடு. அவர் எங்கே பிறந்தார், எதைச் சாப்பிட்டு வளர்ந்தார், யாரிடம் அடி வாங்கினார், எப்போது பள்ளிக்கூடத்தை விட்டார், தலையில் எப்போதாவது பலமாக அடிபட்டதா, வீட்டில் யாருக்காவது புத்தி பேதலித்ததா என்பதெல்லாம் என் பாடு.

இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்றால், 1980-லிருந்து இருக்கிறது. பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மரண தண்டனை அரசியல் சாசனத்துக்கு முரணல்ல என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பிலிருந்து 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற சொற்றொடரை மட்டும் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். இவர் இனித் திருந்த வழியே இல்லை என்பதை அரசுதான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னதை யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்று தெரிய, விசாரணை நீதிமன்றங்களின் தீர்ப்புகளைப் படித்தால் போதும். பயிற்சிக் காலத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே அதுதான். நூறு பக்கத் தீர்ப்பில் தண்டனை பற்றிய பகுதி சில நேரம் இரண்டு பக்கம், சில நேரம் அதுவும் இல்லை. தண்டனை குறித்து என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். வயதான பெற்றோர் இருக்கிறார்கள், திருமணமாகாத தங்கை இருக்கிறாள், கருணை காட்ட வேண்டும் என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பதில் சொன்னார். அவ்வளவுதான். வேறு மாவட்டம், வேறு நீதிபதி, வேறு குற்றம். ஆனால் அதே பெற்றோர், அதே தங்கை. முற்பகலில் குற்றவாளி என்று தீர்ப்பு, பிற்பகலில் தூக்கு. இடையில் சாப்பாட்டு இடைவேளை. அந்த இடைவேளைக்குள் ஒரு மனிதனின் முப்பது ஆண்டு வாழ்க்கையைத் திரட்டிக் கொண்டுவந்து வைக்கும் வக்கீல் எங்கே இருக்கிறார்? அதுவும் இலவசச் சட்ட உதவியில், சொற்பக் கட்டணத்துக்கு வாதாடுகிற வக்கீல்!

2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கையிலெடுத்தது. எதிரியின் குடும்பப் பின்னணி, மனநலம், சிறை நடத்தை ஆகியவை பற்றிய விவரங்களை விசாரணைக் கட்டத்திலேயே கேட்டு வாங்க வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை குறித்து வாதிட உண்மையான, பொருளுள்ள வாய்ப்பு தருவது எப்படி என்ற கேள்வியை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. எங்களைப் போன்றவர்களின் வேலைக்கு இப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இது பழைய தொழில். அங்கே 1978-இல் லாக்கெட் வழக்கிலேயே, குற்றவாளியின் வாழ்க்கையில் தண்டனையைத் தணிக்கும் எதையும் கேட்காமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. 2003-இல் விக்கின்ஸ் வழக்கில், கட்சிக்காரரின் வாழ்க்கையை முறையாக விசாரிக்காமல் விட்ட வக்கீலின் வேலை சாசனம் தரும் உரிமைக்கே குறை என்றார்கள். எங்களுக்குப் பயிற்சியில் காட்டிய கேள்விப் பட்டியல்களின் மூலம் அந்த ஊர்தான். சமூகநலத் துறைக் கோப்பு, வளர்ப்புக் குடும்பக் கோப்பு, பள்ளி ஆலோசகரின் குறிப்பு, குழந்தை மருத்துவரின் குறிப்பு என்று வரிசையாகப் போகும். படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தேடப்போகும் மனிதர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது.

தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு நாடு முழுவதும் 373 மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்துப் பேசி 2016-இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நான் சந்தித்தவர்களை வைத்துச் சொன்னால், இந்த 'நலிந்தவர்கள்' என்பது மிகவும் நாகரிகமான சொல். ஏழை என்றால் காசு இல்லாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். காகிதமும் இல்லாதவன் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகே உறைத்தது. அரசாங்கம் இவர்களில் ஒருவரைப் பற்றி முதன்முதலாக உட்கார்ந்து விரிவாக எழுதிய ஆவணம் குற்றப் பத்திரிகை. அங்க அடையாளம், உயரம், மச்சம், தந்தை பெயர், தொழில் என்று எல்லாம் அதில் இருக்கும். அதற்கு முந்தைய பக்கங்கள் எழுதப்படவே இல்லை. இப்போது அதே அரசாங்கத்தின் நீதிமன்றம், இவர் யார் என்பதற்குச் சாட்சியம் எங்கே என்று கேட்கிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் முத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஊர், குற்றம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். தீப்பெட்டி வேலையை மட்டும் மறைக்கவில்லை; அந்த வட்டாரத்தில் அது ஆயிரக்கணக்கானவர்களின் கதை, யாரையும் காட்டிக்கொடுக்காது.

சிறையில் கைதியைப் பார்ப்பதை வீட்டார் 'மனு பார்ப்பது' என்பார்கள். வெளியே வெயிலில் வரிசை, உள்ளே கூச்சல், எதிரே இருப்பவர் சொல்வதில் பாதி காதில் விழாது. அந்த இடத்தில் ஒருவரின் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்க முடியாது. எங்களைப் போன்றவர்கள் தனியே, சிறை ஊழியர் காதுக்கு எட்டாத தூரத்தில் பேச அனுமதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டே நான் ஒரு மத்திய சிறை வாசலில் பகல் முழுக்க நின்றிருக்கிறேன். "மேலிடத்தில் கேட்க வேண்டும் அம்மா" என்றார் அங்கிருந்த அதிகாரி. இதற்கு மேல் எந்த இடம் இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அடுத்த முறையும் அதே வாசலுக்குத்தானே வர வேண்டும்.

முதல் சந்திப்பில் நாங்கள் எதையும் எழுதுவதில்லை. சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா, கேன்டீனில் என்ன கிடைக்கிறது, அவ்வளவுதான். முத்து என்னை மேடம் என்றார். நான் அண்ணா என்றேன். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் என்றார். குளிர் அதிகமா? ஆமாம். வெயில் அதிகமா? ஆமாம். வக்கீல்கள் இவரை 'ஒத்துழைக்காதவர்' என்று குறித்து வைத்திருந்தார்கள்.

பிறகொரு சந்திப்பில் சின்ன வயதில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். "கட்டை அடுக்கினேன்" என்றார். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாகச் சொருகுவதற்கு அங்கே அதுதான் பெயர். சொல்லும்போதே இரண்டு கையின் விரல்களும் மேஜை மேல் ஓடத் தொடங்கிவிட்டன. இடது கை குச்சிகளைப் பரப்பியது, வலது கை தள்ளிச் சமன் செய்தது, கட்டை விரல் ஒரு தட்டுத் தட்டி அடுத்த வரிசைக்குப் போனது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொடாத வேலை, கை மறக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டை அடுக்குவீர்கள் என்றேன். விரல்கள் நின்றன. "அக்காவுக்குத் தெரியும்" என்றார்.

இந்த இரண்டு சொற்களைத் துரத்திக்கொண்டு போனதுதான் அந்த வழக்கில் நான் செய்த உருப்படியான காரியம். அக்காவைத் தேடிப் பிடித்தோம். தம்பி அடுக்கிய கட்டைகளை அவள்தான் எண்ணிச் சொல்வாளாம். சம்பளத்தை அவள்தான் வாங்குவாளாம். "அவனுக்குக் கணக்கு வராது. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசை ஏமாற்றிவிடுவார்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன்." தெருமுனைக் கடைக்காரர் கடையை மகனிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தார். அந்தச் சீட்டு அவருக்கும் நினைவிருந்தது. கல்யாணமாகிச் சாத்தூர்ப் பக்கம் போய்விட்ட ஒரு மதினி, முத்து பத்து வயதிலும் சட்டைப் பொத்தானைத் தானாகப் போட மாட்டான் என்றாள். ஒருவர் சொன்னதை மட்டும் நாங்கள் அறிக்கையில் சேர்ப்பதில்லை. ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ள வழியில்லாத மூன்று பேராவது சொல்ல வேண்டும்.

அறிவுசார் குறைபாடு என்று மருத்துவ உளவியலாளர் சான்று தர, இப்போது எடுக்கும் பரிசோதனை மட்டும் போதாது. அது சின்ன வயதிலிருந்தே இருந்தது என்று காட்ட வேண்டும். தூக்கிலிருந்து தப்ப நடிக்கிறார் என்று அரசுத் தரப்பு சொல்லும். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதே தில்லிச் சட்டப் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட மனநல ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட மரண தண்டனைக் கைதிகளில் 62 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு மனநோய் இருந்தது. சுமார் 11 சதவீதம் பேருக்கு அறிவுசார் குறைபாடு. இத்தனை பேரும் விசாரணையைக் கடந்து, தண்டனை வாங்கிச் சிறைக்கு வந்த பிறகுதான் இது வெளியே தெரிகிறது.

ஆகவே பள்ளிக்கூடம். முத்து படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை நல்லவர். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய பீரோவுக்குள் என்னோடு சேர்ந்து தேடினார். சேர்க்கை நீக்கப் பதிவேடுகளில் இரண்டு கரையானுக்குப் போயிருந்தன. மூன்றாவதில் இருந்தது. வயலட் மசி, சாய்ந்த கையெழுத்து. மூன்றாம் வகுப்பில் பெயர் நீக்கம். காரணம், தொடர்ந்து வராமை. பிறந்த தேதி ஜூன் 1. அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் மேல் ஜூன் 1-ஆம் தேதியே பிறந்திருந்தார்கள். வாத்தியார் வைத்த பிறந்தநாள்! எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் அப்படித்தான். அதற்காக நாங்கள் ஆண்டுதோறும் பாயசம் வைத்தோம்.

பாயசம் வைக்கலாம், ஆனால் தூக்கு விஷயத்தில் பிறந்த தேதி விளையாட்டல்ல. குற்றம் நடந்த அன்று பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. 1994-இல் புனேயில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர், குற்றம் நடந்தபோது பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்று 2023 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் முடிவு செய்து விடுவித்தது. அதற்குள் 28 ஆண்டு சிறையில் கழிந்துவிட்டது. அந்த முடிவுக்கு அடிப்படை, ராஜஸ்தானில் ஒரு கிராமத்துப் பள்ளிப் பதிவேடு. விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று எல்லாப் படியையும் வழக்கு ஏறி இறங்கிய காலம் முழுக்க, அந்தப் பதிவேடு பள்ளியில் ஏதோ ஓர் அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் வந்தது. குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும், வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. முத்து அப்போது கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வந்தால் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா சொன்னாள். தன்னைப் போன்றவர்களைப் பற்றி அந்த நீதிமன்றம் பேசியது அவருக்குத் தெரியாது. அடுத்த முறை அங்கே போகக்கூடிய ஆவணத்தில் அவர் பெயருக்கு முன்னால் மரண தண்டனைக் கைதி என்று இருக்கும்.

தாய்மார்களைப் பற்றி எழுதாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் தோள்பையோடு முப்பத்தோரு ஆண்டு அலைந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. எல்லாத் தாய்க்கும் அந்தப் படிப்பும் துணையும் வாய்ப்பதில்லை. நான் சந்தித்த ஒரு தாய், மகனின் தீர்ப்பு நகலைத் துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டு, எலி கடிக்காமல் பரணில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தீர்ப்பை அந்த ஊரில் படித்துச் சொல்ல ஆளில்லை. உள்ளே இருந்த மற்ற காகிதங்களை விரித்துப் பார்த்தேன்: கேஸ் சிலிண்டர் ரசீது, தேர்தல் சீட்டு, மகளின் பூப்புனித நீராட்டு அழைப்பிதழ். "எது உதவும் என்று தெரியவில்லை தாயி, எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்" என்றார்.

அவருடைய மகனுக்குப் பதினேழு வயதில் தனக்குத்தானே பேசுவதும், ராத்திரியில் எழுந்து ஓடுவதுமாக இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா, ஓ.பி. சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்க வைத்தோம் என்றார். பிறகு ஏர்வாடி. கோயிலும் தர்காவும் நோயாளிக்குச் சீட்டு எழுதுவதில்லை. நாற்பத்தெட்டு நாள் ஒரு பிள்ளையோடு கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்த தாய்க்கு, அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால் என்ன சொல்வது? அங்கே கடை வைத்திருந்த ஒரு பூக்காரப் பாட்டிக்கு அவர்களை அடையாளம் தெரிந்தது. அவருடைய வாக்குமூலத்தை நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாக்கினோம். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் இந்த மாதிரிதான் இருக்கும்.

இப்போது, இதைப் படிக்கிற பலரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. செத்தவர்கள்?

பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை நான் படிக்கிறேன். படிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. சில அறிக்கைகளுக்குப் பிறகு சாப்பாடு இறங்கியதில்லை. கொலை செய்தவரும் கொலையானவரும் பெரும்பாலும் ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை. ஓர் ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது குழாயடியில் ஒரு பெண் வழிமறித்தார். இறந்த குழந்தையின் தாய். "அவனுக்காக வந்திருக்கிறீர்களா?" ஆமாம் என்றேன். பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. விதி இல்லாவிட்டாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்க முடியாது. திட்டுவார் என்று நின்றேன். "அவன் சின்ன வயதில் என்ன சாப்பிட்டான் என்று வீடு வீடாகக் கேட்கிறீர்களாமே. என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று இதுவரை யாராவது கேட்டார்களா?" என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இதற்குப் பதில் கிடையாது. அந்தக் குழந்தையைப் பற்றி வழக்குக் கட்டில் இருப்பது வயது, உயரம், காயங்கள் மட்டும்தான். அதுவும் ஒரு ஏழை வீட்டுக் குழந்தை. அதன் முந்தைய பக்கங்களையும் யாரும் எழுதவில்லை. ஒருவருடைய பக்கங்களை நான் தேடுவதால் மற்றவருடையது அழிந்துவிடும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாயிடம் அப்போது இதைச் சொல்லியிருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். இப்போதும் சற்று அப்படித்தான் இருக்கிறது.

கொலைகாரர்களை வெளியே விடப் பாடுபடுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் சுருக்கமாக ஒரு பதில் உண்டு. பெரும்பாலான வழக்குகளில் நாங்கள் கேட்பது விடுதலை இல்லை, உயிர். கடலூர் மாவட்டத்தில் 2009-இல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு பலருக்கு நினைவிருக்கும். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததும் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் 2010-லேயே நடந்துவிட்டன. 2013-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரே ஆண் வாரிசை இழந்த பெற்றோரின் துயரத்தைத் தண்டனைக்கு ஒரு காரணமாகவும் சொன்னது. 2023 மார்ச் 21 அன்று, மறுசீராய்வில், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அதை மாற்றியது. குற்றவாளி என்ற முடிவு அப்படியே நின்றது. ஆனால் தண்டனையைத் தணிக்கும் சூழ்நிலைகளை எந்த நீதிமன்றமும் உருப்படியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி, இருபது ஆண்டு தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் தண்டனையாக்கியது. கொல்லப்பட்டது ஆணா பெண்ணா என்பது கணக்கில் வரக் கூடாது என்றும் சொன்னது. சிறையில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்ற விவரத்தை மறைத்ததாக, பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த காவல் ஆய்வாளருக்கு எதிராக அவமதிப்பு நடவடிக்கை தொடங்கவும் உத்தரவிட்டது. அந்தக் கைதி சிறையில் உணவுத் தயாரிப்பில் ஒரு டிப்ளமோ வாங்கியிருந்தார். நீதிமன்றம் குறித்துக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று.

"தமிழ்நாட்டில்தான் யாரையும் தூக்கில் போடுவதில்லையே" என்பவர்களும் உண்டு. உண்மைதான், இங்கே கடைசியாக நிறைவேற்றப்பட்டது 1995-இல், சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு. ஆனால் 2023 இறுதியில் நாடு முழுவதும் 561 பேர் மரண தண்டனையோடு காத்திருந்தார்கள். அவர்களில் யார் நிஜமாகவே போவார் என்று யாருக்கும் தெரியாது, முத்துவுக்கும் தெரியாது. 2020 மார்ச் 20 அன்று திகாரில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்ட செய்தி சிறைத் தொலைக்காட்சியில் வந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் அல்லாத நேரத்தில் பூட்டுச் சத்தம் கேட்டால் அவர் எழுந்து சுவரோடு சுவராக நின்றுவிடுகிறாராம். சட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பயிற்சிக்கு வரலாமா என்று சில மாணவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். வரலாம். சம்பளம் குறைவு, பஸ் பயணம் அதிகம். சட்ட மாணவர்களாக இருந்தால் பழைய தீர்ப்புகள், வழக்குக் கட்டுகள், காலவரிசைப் பட்டியல்கள் என்று முதல் மாதம் கண் பூத்துப் போகும். 'ஆர்.டி.' என்று எண் போட்ட வழக்குகளைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையப் பழகிக்கொள்வீர்கள்; விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனை, உறுதி செய்யச் சொல்லிச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வந்து சேரும் எண் அது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கருணை மனுவுக்கு முப்பது நாள்தான் கெடு. அதைக் கவனிக்கப் பழகிக்கொள்வீர்கள். சமூகப்பணி, உளவியல் படித்தவர்கள் இன்னும் அதிகமாகத் தேவை. ஊர்த் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். கொடுத்த காபியை மறுக்காமல் குடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிழவி தன் ஆட்டுக்குட்டி செத்த கதையை முக்கால் மணி நேரம் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். பேரனைப் பற்றிய விஷயம் அந்தக் கதைக்குள்தான் எங்கேயோ இருக்கும். குற்றவாளிகளின் மீது காதல் கொண்டு வருகிறவர்கள் சீக்கிரம் கசந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் கோபக்காரர்களாக இருப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் அலமாரியை ஒழிக்கும்போது பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கரையான் மருந்து வாங்கப் பணமில்லை என்றால் குறைந்தபட்சம் பக்கம் பக்கமாக கைபேசியில் படமெடுத்து வைத்துவிடுங்கள். அரசு மருத்துவமனைப் பதிவறையில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எந்தப் பக்கம், எந்த வரி வேண்டியிருக்கும் என்று இப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்து கேட்கும்போது, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, அந்தப் பீரோ சாவியை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேடிக் கொடுங்கள்.